மூலிகைக்கு உரைகல் தந்த மேதை – சர் இராம்நாத் சோப்ரா

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் தரையிறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களையெல்லாம் பசுமையாக்கிச் செல்பவள் தாமிரபரணித் தாய். அந்த மலையில்தான் அகத்திய முனிவர் வாழ்ந்தார் என்று நம் முன்னோர் கூறுவர். அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் மூலிகையின் பெயர் அறியாத வீடே இல்லை. இருமலுக்கு ஆடாதோடை, வீக்கத்துக்கு மூக்கிரட்டை, மூட்டு வலிக்கு நொச்சியும் முடக்கத்தானும் என்று எங்கள் ஆச்சிமார் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டு ஆச்சிக்கும் நெடுநாளாக முழங்கால் வலி உண்டு. நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. சென்ற ஆண்டு யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்ற பொடியை ஆச்சி வாங்கி உண்ணத் தொடங்கினார்கள். முழுக்க முழுக்க மலை மூலிகை என்று அவர் சொன்னாராம். பொட்டலத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. ஒரே வாரத்தில் வலி பறந்து போயிற்று. ஆச்சி வேகமாக நடந்தார்கள். வீடே மகிழ்ந்தது. இரண்டு மாதங்கள் சென்றபின் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. மருத்துவர் சோதித்துவிட்டு, அந்தப் பொடியில் மூலிகையோடு ஸ்டீராய்டு என்னும் மருந்தைக் கலந்திருக்கக்கூடும் என்றார். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று, பல வாரங்கள் கண்காணித்துச் சிறிது சிறிதாக அதிலிருந்து விடுவித்தார்.

இந்நிகழ்ச்சியை நாங்கள் வகுப்பில் கூறியபோது தோழியர் இரு கட்சியாகப் பிரிந்து விட்டனர். மூலிகையே வேண்டாம் என்றது ஒரு கட்சி. மூலிகை என்ன பிழை செய்தது, கலந்தவன் அல்லவா பிழை செய்தான் என்றது மறு கட்சி. எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் இரு கட்சிக்கும் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதினார்கள். அந்தப் பெயர்தான் சர் இராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படும் அப்பெரியாரின் வாழ்வை நாங்கள் தேடிப் படித்து அறிந்தவாறு இங்கே தருகிறோம்.

இளமையும் கல்வியும்

இராம்நாத் சோப்ரா 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் குஜ்ரன்வாலா என்னும் ஊரில் பிறந்தார். அன்று ஒன்றாயிருந்த பஞ்சாபைச் சேர்ந்த அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. லாகூர் அரசுக் கல்லூரியில் பயின்றபின் 1903-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மருத்துவம் கற்றதோடு, டிக்சன் என்னும் பேராசிரியரிடம் மருந்தியலும் பயின்றார்.

மருந்தியல் என்பது அக்காலத்தில் புதிய துறை. ஒரு மருந்து உடலுக்குள் சென்று எந்த உறுப்பில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நன்மை, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்பதை அளந்து பார்க்கும் கலை அது. நோய் குணமாயிற்று என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், எதனால் குணமாயிற்று என்று கேட்கும் பழக்கம் சோப்ராவுக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

1908-இல் அவர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் அவருக்கு வாய்த்ததுதான் அவருடைய வாழ்வின் பெரும்பணி.

கல்கத்தாவில் ஒரு புதிய கூடம்

1921-இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியராக அவர் அமர்ந்தார். நம் நாட்டில் மருந்துகளை முறைப்படி ஆராயும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது எனலாம்.

அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மருத்துவமனைகளில் கொடுத்த மருந்துகளில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. அவற்றின் விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. மறுபுறம், கிராமத்து மக்கள் பல நூறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த பச்சிலைகள் காலடியில் கிடந்தன. ஆனால் அவற்றுள் எது உண்மையில் குணம் தருகிறது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. மேல்நாட்டு மருத்துவம் கற்றவர்கள் பச்சிலைகளை ஏளனம் செய்தனர். பழைய முறையைப் பின்பற்றியவர்களோ, முன்னோர் சொன்னதைச் சோதிப்பதே அவமதிப்பு என்றனர்.

சோப்ரா இரு சாராரையும் பகைக்கவில்லை. அவர் தம் ஆராய்ச்சிக்கு மூன்று குறிக்கோள்களை வகுத்துக்கொண்டார். நம் நாட்டிலேயே விளையும் மருந்துகளைக் கொண்டு நம் தேவையை நாமே நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்பது முதலாவது. ஆயுர்வேதம், யுனானி முதலிய முறைகளில் புகழப்படும் மூலிகைகளைச் சோதித்து நல்லவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. அவற்றை ஏழை எளியவரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது குறிக்கோளைப் படித்தபோது எங்கள் மனம் நெகிழ்ந்தது.

மூன்று படிகள்

தட்டான் பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பொன்னை அவமதிப்பதற்காக அன்று. அதன் மாற்றை அறிவதற்காகவே. சோப்ராவும் தம் கூடத்தில் மூலிகைக்கு ஓர் உரைகல் வைத்தார். அதற்கு மூன்று படிகள் இருந்தன.

முதற்படியில் வேதியியல் அறிஞர்கள் செடியின் வேரையோ இலையையோ பட்டையையோ சாராயம் முதலிய திரவங்களில் ஊறவைத்துச் சாறு எடுப்பர். அதில் அடங்கியிருக்கும் பொருள்களைப் பிரிப்பர். இரண்டாம் படியில் அந்தச் சாற்றை அளந்து விலங்குகளுக்குக் கொடுத்து, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, மூச்சு, தசை ஆகியவற்றில் என்ன மாற்றம் நிகழ்கிறது என்று கருவிகளால் பதிவு செய்வர். இவ்விரு படிகளையும் தாண்டிய மருந்தே மூன்றாம் படியாக, கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கவனத்தோடு அளிக்கப்பட்டது.

இவ்வாறு அவர் ஆராய்ந்தவற்றுள் நம் வேலியோரச் செடிகளும் இருந்தன. மூக்கிரட்டை சிறுநீரைப் பெருக்குவதையும், ஆடாதோடையிலுள்ள பொருள் மூச்சுக்குழலைத் தளர்த்துவதையும் அவர் குழுவினர் ஆராய்ந்து எழுதினர். குடசப்பாலைப் பட்டையைச் சீதபேதிக்குச் சோதித்தனர். எல்லா மூலிகையும் தேறிவிடவில்லை. பெரும்புகழ் பெற்ற சில மருந்துகளில் சொல்லத்தக்க குணம் ஒன்றும் தென்படவில்லை. அதையும் அவர் மறைக்காமல் எழுதினார். தேறியதை எழுதுவது எளிது. தேறாததை எழுதுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

இவ்வாராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து 1933-இல் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இன்றும் மூலிகை ஆராய்ச்சியாளர் எடுத்துப் புரட்டும் நூல் அது.

வலியும் அபினியும்

வலியை நீக்கும் மருந்துகளுள் மிகப் பழமையானது அபினி. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. அதிலிருந்து மார்ஃபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தவர் செர்டூர்னர் என்னும் ஜெர்மானிய இளைஞர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கண்டறிந்த அப்பொருள் இன்றளவும் கொடிய வலிக்குக் கைகண்ட மருந்தாக விளங்குகிறது.

ஆனால் அபினி வலியை மட்டும் விழுங்குவதில்லை, மனிதனையும் விழுங்குகிறது. அன்றைய ஆங்கில அரசு உரிமம் கொடுத்து அதை விற்று வருவாய் தேடியது. சோப்ரா 1920-களின் பிற்பகுதியிலிருந்து நாட்டின் பல பகுதிகளில் அபினி உண்பவர்களைப் பற்றி ஆராய்ந்தார். மருத்துவர் இல்லாத ஊர்களில், மூட்டு வலியும் வயிற்று வலியும் தாங்காமல் அபினியைத் தொட்ட ஏழைகள் பின்னர் அதை விட முடியாமல் தவித்ததை அவர் கண்டார். வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தை அழாமல் உறங்குவதற்காக அதற்கும் ஒரு துளி அபினி கொடுத்ததைக் கண்டார். அவர்களைக் குற்றவாளிகளாக அவர் பார்க்கவில்லை. வலிக்கு நல்ல மருந்து கிடைக்காதவர்களாகவே பார்த்தார்.

எங்கள் ஆச்சி அந்தப் பொடியை வாங்கியதும் இதே காரணத்தால்தானே! வலி வந்தவர்க்கு ஆராய்ந்து பார்க்கப் பொறுமை இருப்பதில்லை. ஆகவே, அவர்களுக்காக முன்கூட்டியே ஆராய்ந்து வைப்பது கற்றவர்களின் கடமையாகிறது.

சர்ப்பகந்தாவின் கதை

பாம்புக் கடிக்கும் சித்தப் பிரமைக்கும் வடநாட்டில் வழங்கிவந்த மூலிகை சர்ப்பகந்தா. 1931-இல் சென், போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர் அதன் வேர் மனநோயையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினர். அதே காலத்தில் சித்திக்கி என்னும் வேதியியல் அறிஞர் வேரிலிருந்து சில பொருள்களைப் பிரித்தார். 1933-இல் சோப்ராவும் அவர் தோழர்களும் அதை விலங்குகளில் சோதித்து, இரத்த அழுத்தம் குறைவதை அளந்து காட்டினர். பின்னர் அந்த வேரில் உறக்கம் தரும் தன்மையும் உண்டு என்று நிறுவினர்.

1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை இங்கிலாந்து இதழில் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்னும் பொருளை அந்த வேரிலிருந்து பிரித்தனர். உலகெங்கும் இரத்தக் கொதிப்புக்கு அது மருந்தாயிற்று. அதே மருந்து சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதும் பின்னர்த் தெரியவந்தது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகி விடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சுண்டெலியும் சூடான தட்டும்

வலி நீக்கும் மருந்தை எவ்வாறு சோதிப்பது? இக்கேள்வி எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இரத்த அழுத்தத்தைக் கருவியால் அளக்கலாம். வலியை அளக்கும் கருவி ஏது? சோப்ராவின் காலத்திலும் அதற்குப் பின்னும் அறிஞர்கள் இதற்குச் சில வழிகளைக் கண்டனர். 1941-இல் எலியின் வால்மீது வெப்ப ஒளியைப் பாய்ச்சி, எத்தனை நொடியில் வாலை விலக்குகிறது என்று பார்க்கும் முறை வந்தது. 1944-இல் சூடான தட்டு முறை வந்தது. ஏறக்குறைய 55 டிகிரி வெப்பமுள்ள தட்டில் சுண்டெலியை விடுவர். அது பாதத்தை நக்கியவுடன் அல்லது துள்ளியவுடன் எடுத்துவிடுவர். மருந்து உண்ட எலி அதிக நேரம் பொறுத்திருந்தால் வலி குறைந்தது என்பது பொருள். மருந்து வேலை செய்தாலும் பாதம் புண்ணாகாதிருக்க, 15 நொடி போன்ற ஓர் எல்லையை முன்பே வகுத்து, அதற்குமேல் விடுவதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எலி துள்ளாமல் இருந்தது வலி தெரியாததாலா, அல்லது மருந்தின் மயக்கத்தாலா? சர்ப்பகந்தா போன்ற உறக்கம் தரும் மருந்தாயின் ஏமாந்துபோவோம் அல்லவா? ஆகவே, சுழலும் உருளையின்மேல் அதே மருந்து உண்ட எலி விழாமல் நடக்கிறதா என்று தனியே பார்ப்பர். அதுபோலவே, மார்ஃபின் வகை மருந்துகள் சூட்டுத்தட்டில் நன்றாகத் தேறும். ஆஸ்பிரின் வகை அங்கே தேறுவது கடினம். அவ்வகையை, எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கி அது வடிவதைக் கொண்டு அளப்பர். ஒரே சோதனையை நம்பாமல் பலவற்றையும் ஒப்பிடுவதே முறை. மூலிகைச் சாறானாலும் கூடத்தில் புதிதாக ஆக்கிய வேதிப்பொருளானாலும் உரைகல் ஒன்றுதான். நம் நொச்சி இலைச் சாற்றையும் இந்தியாவிலும் இலங்கையிலும் இவ்வாறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வலியும் வீக்கமும் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆச்சி சொன்னது முழுப்பொய் அன்று என்று அறிந்து நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் எலியில் தேறியது மனிதரிலும் தேற வேண்டும். அது வேறு சோதனை.

எனினும் எங்கள் மகிழ்ச்சியில் ஒரு முள்ளும் தைத்தது. நம் வலி தீர ஒரு வாயில்லாச் சீவன் வலியைத் தாங்குகிறதே, இது நியாயமா? வகுப்பில் விவாதித்தோம். விடை எளிதாகக் கிடைக்கவில்லை. 1959-இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கின்றிச் சோதிக்க முடிந்தால் அவ்வாறே செய்க. முடியாவிடின் எண்ணிக்கையைக் குறைத்திடுக. அதன் துன்பத்தைத் தணித்திடுக என்பன அவை. நம் நாட்டிலும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு உள்ளது. ஓர் எலி பட்ட துன்பத்திலிருந்து பெற்ற உண்மையைத் திரித்துக் கூறினால் அத்துன்பமும் வீணாகும் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

மருந்துக்குச் சட்டம்

கூடத்தில் உண்மை கண்டால் போதுமா? கடையில் விற்பது உண்மையாக இருக்க வேண்டாமா? மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவிலேயே கலப்படம் நடந்த காலம் அது. 1930-இல் அரசு மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்து, சோப்ராவைத் தலைவராக்கியது. அக்குழு நாட்டைச் சுற்றி விசாரித்து 1931-இல் அறிக்கை தந்தது. மருந்தின் தரத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடமும், மருந்து தயாரிப்பதற்கும் விற்பதற்கும் சட்டமும், மருந்து கலந்து கொடுப்பவர்க்குப் பயிற்சியும் வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பயனாக 1940-இல் மருந்துகள் சட்டமும், 1948-இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. 1964-இல் செய்த திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளும் அந்த 1940-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்தன.

ஆச்சி வாங்கிய பொட்டலத்தில் உரிம எண்ணும் தயாரித்தவர் பெயரும் இருந்ததா என்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை. சட்டம் இருந்தது, பார்க்க வேண்டிய கண்கள்தாம் மூடியிருந்தன.

பிற்காலம்

1941-இல் சோப்ரா கல்கத்தாப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் சர் பட்டமும் பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஜம்மு காஷ்மீர் சென்று அங்கே மருந்து ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். 1946-இல் நாட்டு மருத்துவ முறைகளைப் பற்றி ஆராய அமைந்த அரசுக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். பழையதும் புதியதும் பகைவர்களாக நில்லாமல் இணைந்து ஒரே மருத்துவமாக வளர வேண்டும் என்பதே 1948-இல் அக்குழு தந்த அறிக்கையின் சாரம். 1956-இல் இந்திய மூலிகைகளின் அகராதி ஒன்றையும் பிறரோடு சேர்ந்து வெளியிட்டார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, 1973-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் மறைந்தார்.

நெல்லையும் சோப்ராவும்

சோப்ராவின் பெருநூலில் நம் நெல்லைக்கும் இடம் உண்டு. நிலாவாரை என்னும் நிலவாகை இலையை உலகச் சந்தை நம் ஊரின் பெயராலேயே திருநெல்வேலி சென்னா என்று அழைக்கிறது. மலச்சிக்கல் தீர்க்கும் அந்த இலை நம் கரிசல் நிலத்தில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து சென்றது. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் அதன் வீரியத்தைச் சுண்டெலிகளைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். உரைத்துப் பார்த்தபின்னும் அதன் மதிப்புக் குறையவில்லை. இன்று நம் பாளையங்கோட்டையிலேயே 1964-இல் தோன்றிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் தோழியருள் சிலராவது நாளை அங்கே கற்று, நம் மலையின் மூலிகைகளை ஆராயலாம் அன்றோ?

முடிவுரை

எங்கள் ஆச்சி இப்போது நலமாயிருக்கிறார்கள். முழங்கால் வலி முற்றும் தீரவில்லை. மாலையில் நொச்சி ஒத்தடம் கொடுப்பது எங்கள் முறை. மருத்துவர் தந்த மாத்திரையின் அட்டையை ஆச்சியே எங்களிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்கிறார்கள்.

அன்புத் தோழியரே! முன்னோர் சொன்னது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் வேண்டாம். பழையது என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். உரைத்துப் பார்ப்போம், உண்மையெனில் உவந்து ஏற்போம், பொய்யெனில் அதையும் மறையாது சொல்வோம். சர் இராம்நாத் சோப்ரா காட்டிய இந்நெறியைப் பின்பற்றி, வலியால் வாடும் ஏழை எளியவரின் துயர் துடைக்க முயல்வோமாக!